அப்பாவுக்குப் பக்கத்து இடம்

அப்பாவைத் தோண்டி எடுக்கச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு வந்திருப்பதாக வி.ஏ.ஓ. வந்து சொன்னபோது நான் பருத்திக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தேன். நம்ப முடியாமல் திரும்பக் கேட்டேன். திரும்பவும் அதையேதான் சொன்னார்.

வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் ஊரில் சொந்தக் கொல்லையில் புதைப்பது ஒன்றும் புதிதல்ல. அப்பாவை அவர் ஆசைப்படி கிணற்றுமேட்டுக்குக் கொஞ்சம் தள்ளிப் புதைத்தோம். அதில் அம்மாவுக்கும் ஒரு நிம்மதி. எங்களில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. சொந்தக் கொல்லையென்றால் யார் தடுப்பது? தினமும் போய் விளக்கு வைப்பாள், மாடு கன்று போட்டதைக்கூட அவரிடம் சொல்லிவிட்டு வருவாள். தன்னையும் அவர் பக்கத்திலேயே வைக்க வேண்டுமென்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

வழக்குப் போட்டவர் பக்கத்துக் கொல்லைக்காரர். அப்பாவின் பாடைக்குத் தோள் கொடுத்தவர். குழி இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகட்டும் என்று யோசனை சொன்னதே அவர்தான். இப்போது தன் கொல்லையில் வீடு கட்டப்போகிறார், சமாதியைப் பார்த்து மருமகள் பயப்படுகிறாளாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தினமும் வரப்பில் பார்த்துச் சிரித்துக்கொண்டே கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். அதிகாரிகள்மேல் போட்ட வழக்காம், எனக்கு நோட்டீஸ்கூட வரவில்லை.

பெரம்பலூரில் எங்கள் வக்கீல் கையை விரித்துவிட்டார். ஊருக்கென்று மயானம் இருக்கும்போது பட்டா நிலத்தில் புதைக்கக் கூடாதென்று ஐகோர்ட்டின் பெரிய அமர்வு முன்பே சொல்லிவிட்டதாம். யாரோ எந்த ஊரிலோ போட்ட வழக்கு. அது எங்கள் கிணற்றுமேடு வரைக்கும் வரும் என்று யார் கண்டது? என் நிலத்தில் என் அப்பனுக்கு ஆறடி கிடையாதா என்று கத்தினேன்.

"நெலம் உங்களுதுதாங்க. பொதைக்கிற உரிம மட்டும் அதுல இல்லீங்க" என்றார் வக்கீல்.

தாசில்தாரும் போலீசும் டாக்டரும் நிற்கத் தோண்டினார்கள். அம்மாவை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தேன். கேட்காமல் வந்து வரப்பில் நின்றாள். துணியில் சுற்றித் தூக்கியபோது மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெற்ற தகப்பனை இரண்டாம் தடவை சாகக் கொடுப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. அம்மா அழவில்லை. மயானத்துக்குப் பிரிகிற பாதைவரை கூடவே வந்து அங்கே நின்றுவிட்டாள்.

"இதுக்கு மேல நான் வரக்கூடாது சாமி. அவரு பக்கத்துல எனக்கு ஒரு எடம் சொல்லி வச்சுட்டு வா."

பஞ்சாயத்தில் கேட்டேன். மூன்று ஊருக்கும் பொதுவான மயானம், யாருக்கும் இடம் பிடித்து வைக்க முடியாது என்றார்கள். அம்மா அதை நம்பவில்லை. நீ கேட்ட விதம் சரியில்லை என்று என்னையே திட்டினாள்.

திவசத்துக்குப் போனால், அப்பாவை ஒட்டினாற்போல ஒரு புது மண்மேடு. மேலே போட்ட மாலை இன்னும் வாடவில்லை. மஞ்சளும் கண்ணாடி வளையல்களும் அதன்மேல் கிடந்தன. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியாமல் கற்பூரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வாசலிலேயே அம்மா காத்திருந்தாள். கால் கழுவத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அந்த இடம் சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டாள். இல்லை, பக்கத்து ஊர்க்காரர்கள் யாரையோ வைத்துவிட்டார்கள் என்றேன். சொம்பு அப்படியே நின்றது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

"ஆம்பளையா, பொம்பளையா?"

ஆம்பளைதான் என்றேன்.