போகிறேன் என்ற பொத்தான்

திருடனைப் பிடிப்பதற்காக என் வீட்டில் மாட்டிய அலாரம் இதுவரை பிடித்தது ஒரு குரங்கையும் என்னையும்தான். குரங்கின் மேல் தவறு இல்லை. அதற்கு வாழைப்பழம் வேண்டியிருந்தது, சமையலறை ஜன்னலைத் தள்ளியது. இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு சைரன் சத்தமும் அதற்குப் பழகிப்போய், அலறலுக்கு நடுவிலேயே உட்கார்ந்து தோல் உரித்துச் சாப்பிட்டது. என் கதைதான் அப்படிச் சொல்லிவிட முடியாதது.

மனைவி போன பிறகு ஏற்காட்டில் தனியாக இருக்கிறேன். எங்கள் சரிவில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும், நடுவில் காப்பிச் செடிகளும் சில்வர் ஓக் மரங்களும். மேல் வீட்டில் யாரோ மிளகு மூட்டையைத் தூக்கிப் போய்விட்டார்கள் என்று போனில் பேச்சுவாக்கில் சொன்னேன். மெல்போர்னில் இருக்கும் என் மகன் உடனே சேலத்திலிருந்து ஆட்களை அனுப்பி அலாரம் மாட்டிவிட்டான். என்னிடம் மிளகே கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

வாசல் கதவுக்குப் பக்கத்தில், எண்கள் போட்ட சின்னப் பெட்டி. நான்கு இலக்க எண்ணை அமுக்கிவிட்டு, கீழே இருக்கும் இரண்டு பொத்தான்களில் ஒன்றை அமுக்க வேண்டும். வீட்டுக்குள் ஆள் இருந்தால் ஸ்டே. அப்போது கதவு ஜன்னல்களுக்கு மட்டும் காவல், உள்ளே நாம் நடமாடலாம். எல்லோரும் வெளியே போனால் அவே. அப்போது கூடத்து மூலையில் இருக்கும் கண்ணும் விழித்துக்கொள்ளும், உள்ளே எவர் அசைந்தாலும் சைரன் அலறும். எது நடந்தாலும் மகனுடைய போனுக்குத் தகவல் போய்விடும், அங்கிருந்தே அவன் சைரனை நிறுத்தவும் முடியும்.

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் அரசாங்கப் படிவங்களைத் தமிழாக்கியவன். ஆங்கிலத்தில் இரண்டு பொத்தான்களைச் சுவரில் சும்மா விட்டுவைக்க மனம் வரவில்லை. வெள்ளைத் தாளில் சின்னதாக எழுதி ஒட்டினேன். ஸ்டேயின் மேல் ‘இருக்கிறேன்’. அவேயின் மேல் ‘போகிறேன்’. சுருக்கம், தெளிவு, தன்மை ஒருமை. இவ்வளவு கச்சிதமான மொழிபெயர்ப்பை நான் சம்பளம் வாங்கிய காலத்தில்கூடச் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சமையலுக்கும் வீடு பெருக்கவும் பக்கத்துக் கிராமமான வாழவந்தியிலிருந்து ஓர் அம்மா வருவார். என் மனைவி இருந்தபோதே வந்துகொண்டிருந்தவர். எங்கள் வீட்டை முடித்துவிட்டு, கீழே இருக்கும் ஹோம்ஸ்டேக்கும் இன்னொரு வீட்டுக்கும் போவார். நான் ஒட்டிய தாள்களைப் பார்த்து அவர் எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஐயாவே எழுதுனீங்களாங்க?”

ஆமாம் என்றேன்.

“கையெழுத்து நல்லா இருக்குதுங்க,” என்றார்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முழங்கால் வைத்தியத்துக்காக வாரம் ஒரு நாள் காலையில் நான் சேலத்துக்கு இறங்கிவிடுவேன். அன்றைக்கு அவர் வேலையை முடித்து, அலாரத்தைப் போட்டு, பூட்டிக்கொண்டு போவார். இப்படிச் சில வாரங்கள் போயின. ஒரு நாள் நான் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் சாய்ந்துகொண்டிருந்தபோது மகன் கூப்பிட்டான். வீட்டில் ஆளே இல்லாதபோது எதற்கு ஸ்டேயில் போட்டிருக்கிறது என்று கேட்டான். அந்த ஒரு நாள் மட்டும் இல்லை, நான் சேலம் போன எல்லா நாளும் அப்படித்தானாம். தவறுதலாக அமுக்கியிருப்பார் என்றேன்.

“ஒரு தடவைன்னா தப்பு. ஒவ்வொரு தடவையும்னா வேற ஏதோ இருக்குப்பா,” என்றான்.

அவன் அவ்வளவுதான் சொன்னான். மீதியை நானே கட்டிக்கொண்டேன். உள்ளே நடமாடினால் சத்தம் வரக் கூடாது என்றுதானே ஒருவர் ஸ்டேயில் போடுவார்? அப்படியானால் பூட்டிய பிறகு யாரோ உள்ளே நடமாடுகிறார்கள். வீட்டில் என்ன காணாமல் போயிருக்கிறது என்று தேடினேன். ஒன்றும் போகவில்லை. அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது, காணாமல் போனது எது என்றுகூடத் தெரியாதபடி எடுத்திருக்கிறார்களே என்று. நான் பஸ் ஏறிய பிறகு அந்த அம்மா தனியாகத்தான் வீட்டில் வேலை செய்கிறார், எடுக்க நினைத்தால் அப்போதே எடுக்கலாம், அதற்கு அலாரத்தை ஏமாற்ற வேண்டியதே இல்லை என்ற எளிய விஷயம் எனக்கும் தோன்றவில்லை, என்ஜினீயரான என் மகனுக்கும் தோன்றவில்லை.

அவரிடமே கேட்டிருக்கலாம். இத்தனை காலம் பழகியவரிடம் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அதைவிட மரியாதையாகத் தோன்றியது.

அடுத்த முறை பையைத் தூக்கிக்கொண்டு சேலம் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பி, வளைவு வரைக்கும் நடந்து, அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சமயம் பார்த்துத் திரும்பி வந்து, படுக்கையறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துகொண்டேன். என் உடம்புக்கு அது போதாத இடம். மூச்சை முழுதாக இழுக்க முடியவில்லை. அவர் அந்த அறைக்கும் பெருக்க வந்தார். துடைப்பத்தின் நுனி என் கால் விரலை ஒரு தடவை தொட்டது, பிறகு இன்னொரு தடவை தொட்டது, போய்விட்டது. போனில் மகளோடு பேசிக்கொண்டே பெருக்கினார். என்னைப் பற்றித்தான்.

“நொம்ப நல்லவருதான் கண்ணு. பேச்செடுத்தா நிறுத்தத்தான் தெரியாது.”

இருட்டில் எனக்குக் காது சுட்டது.

பிறகு வாசலில் பெட்டியின் பீப் சத்தம், கதவு பூட்டும் சத்தம். அதன் பின் வீட்டில் ஓர் அசைவும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, முழங்கால் விட்டுப்போயிற்று. யாரும் வரவில்லை. என்னைத் தவிர உள்ளே நடமாடும் திருடன் ஒருவனும் இல்லை என்பது உறுதியானதும் வெளியே வந்து, கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று பின்கதவைத் திறந்தேன்.

அவர் வழக்கம்போல ஸ்டேயில் போட்டிருந்தார். கதவுக்குக் காவல் இருந்தது.

சைரன் பிடித்துக்கொண்டது. கதவை மறுபடி சாத்தித் தாழிட்டேன், எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பெட்டிக்கு ஓடினேன். பதற்றத்தில் எண் வரவில்லை. பழைய வீட்டுப் போன் நம்பரின் கடைசி நான்கு வந்தது, அதை அமுக்கினேன். பென்ஷன் கணக்கின் கடைசி நான்கு வந்தது, அதையும் அமுக்கினேன். தவறாகவே அமுக்கினால் பெட்டி கொஞ்ச நேரம் யார் பேச்சையும் கேட்காது. கேட்கவில்லை.

குரங்கு புண்ணியத்தில் எங்கள் சைரனுக்கு அக்கம்பக்கத்தில் மதிப்பு இல்லை. அன்றைக்கு மட்டும் மகன் போன் போட்டு உஷார்ப்படுத்திவிட்டான். அப்பா சேலத்தில் இருக்கிறார், பின்கதவு திறந்திருக்கிறது, உள்ளே ஆள் இருக்கிறான் என்று. அடுத்த எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் கிளை வெட்டும் கவாத்துக் கத்தியோடு வந்தார். அவரோடு நான்கைந்து ஆட்கள். ஹோம்ஸ்டேக்காரர் வந்தார், அவருடைய விருந்தாளிகள் போனில் படம் எடுத்தபடி வந்தார்கள். வெளியே வாடா என்றார் ரைட்டர். நான்தான் நான்தான் என்று கத்தினேன். சைரனில் அவர்களுக்கு அது எப்படிக் கேட்டதோ, இரண்டு பேர் ஜன்னல் கம்பியைத் தடியால் தட்டினார்கள்.

ஹோம்ஸ்டேயில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு ஓடி வந்து சாவி போட்டுத் திறந்தார். என்னைப் பார்த்தார். பெட்டியில் எண்ணை அமுக்கினார். சத்தம் நின்றது.

“ஐயா சேலம் போகலீங்களா?”

அது சாதாரணக் கேள்வி. ஆனால் அத்தனை பேரும் பதிலுக்காக என்னைப் பார்த்தார்கள். கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தேன், நான் உள்ளே இருப்பதைப் பார்க்காமல் இந்த அம்மா எதையோ தப்பாக அமுக்கிப் பூட்டிவிட்டார் என்றேன். காலையில் கிளம்பும்போதும் சரி, இப்போதும் சரி, கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. அது அவருக்கு மட்டும் தெரிந்தது. மற்றவர்களுக்கு என் முகம் அவ்வளவு முக்கியமாகப் படவில்லை.

“ஆளு உள்ள இருக்கறப்பவே பூட்டிட்டுப் போயிருக்குது,” என்றார் ரைட்டர். “தெரியாம பூட்டுச்சோ, தெரிஞ்சே பூட்டுச்சோ. யாருகிட்ட நம்பரக் குடுக்கறதுன்னு இல்லீங்களா?”

இல்லை, அவர் மேல் தப்பில்லை என்று சொல்ல அங்கே நிறைய இடம் இருந்தது. நான் சொல்லவில்லை. அவர் சாவியைச் செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ரைட்டரிடம் விசாரித்தேன். ஹோம்ஸ்டேயிலும் இன்னொரு வீட்டிலும் அவரை நிறுத்திவிட்டார்களாம். வாழவந்தி பஸ்ஸில் பேச்சு வளர்ந்து, கிழவரை அறையில் வைத்துப் பூட்டிவிட்டு பீரோவைத் துடைத்துக்கொண்டு போகப் பார்த்த கதையாக ஆகிவிட்டதாம். நல்லவேளை நீங்கள் கண்ணாடியை மறந்தீர்கள் என்றார். மூன்று வீட்டு வேலையும் போய், அவருக்கு ஊரில் தலைகாட்ட முடியவில்லை. எல்லாம் நான் சொன்ன ஒரு வாக்கியத்தில்.

வாழவந்திக்குப் போனேன். அவர் வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், முகம் மட்டும் கொடுக்கவில்லை. பீரோவுக்குப் பின்னால் நின்றதைச் சொன்னேன். முறம் ஒரு கணம் நின்றது.

“அது உங்க காலுங்களா? பழைய ஷூவுன்னு நெனச்சேனுங்க.”

எப்போதும் ஸ்டேயில் போட்டது ஏன் என்று கடைசியாக, முதலிலேயே ஒரு நிமிடத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

“ஏனுங்கய்யா, அந்தப் பொத்தான்ல ‘போகிறேன்’னு எழுதியிருக்குதுங்க. வயசானவங்க இருக்கற ஊட்டு வாசப்படியில நின்னுட்டு, போறேன்னு எப்படிங்க அமுத்தறது? போயிட்டு வர்றேன்னு எழுதியிருந்தா அமுத்தியிருப்பேன். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையத்தான சொல்லுவாங்க?”

ஆயுள் முழுக்கத் தமிழ் எழுதிப் பிழைத்தவன் நான். எங்கள் வீட்டில் என் அம்மாவோ மனைவியோ ஒரு நாளும் வாசல் தாண்டும்போது போகிறேன் என்று சொன்னது கிடையாது, சொல்ல விட்டதும் கிடையாது. அந்தச் சொல்லை என் கையாலேயே எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று அவர் வாராவாரம் அந்தப் பொல்லாத சொல்லை விரலால்கூடத் தொடாமல் இருந்திருக்கிறார். அதற்குத்தான் அவரைத் திருடியாக்கினேன்.

மன்னித்துவிடுங்கள், வேலைக்கு வாருங்கள் என்றேன்.

“எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகுது? பஸ்ஸுலதான பேசிக்கிட்டாங்க. அங்க சொல்லுங்க.”

மறுநாள் காலை, வாழவந்தியிலிருந்து எஸ்டேட் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஆட்கள் ஏறும் பஸ்ஸில் நானும் ஏறினேன். நான் கேட்டுக்கொண்டதற்காக அவரும் வந்து, முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பியைப் பிடித்து எழுந்து, எல்லோரும் கொஞ்சம் கேட்க வேண்டும் என்றேன். கண்டக்டர் என்னை மருந்து விற்க வந்தவன் என்று நினைத்து, இந்த பஸ்ஸில் அதெல்லாம் கூடாது என்றார். இல்லை, நான் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். ஒளிந்தது, திறந்தது, பொய் சொன்னது, கண்ணாடி மூக்கில் இருந்தது, எல்லாம். நடுவில் ஒரு வளைவில் முன்னால் இருந்தவர் மடியில் விழப் பார்த்தேன்.

பிறகு பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார்.

“பீரோவுக்கு எந்தப் பக்கமுங்க நின்னீங்க?”

சுவர்ப் பக்கம் என்றேன்.

“இந்த உடம்ப வச்சுக்கிட்டா?”

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டர் விசில் ஊத மறந்து ஒரு ஸ்டாப்பைத் தாண்டவிட்டார். ஏற்காட்டில் இறங்கும் வரைக்கும் ஆளாளுக்கு நான் ஒளிந்ததைப் பற்றி யோசனை சொன்னார்கள், கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கலாமே என்று. அந்த அம்மா சிரிக்கவில்லை. இறங்கும்போது மட்டும் என் பக்கம் திரும்பி, “வர்றேனுங்க,” என்றார். விடைபெறுகிறாரா, வேலைக்கு வருவதாகச் சொல்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டுக்கும் அதே சொல்தான்.

மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் அந்த வாரமே அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். என் வீட்டுக்கும் ஒரு நாள் காலையில் வந்து, ஒன்றும் நடக்காததுபோலப் பால் காய்ச்சினார். சாவியை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

“சாவியும் வேண்டாமுங்க, நம்பரும் வேண்டாமுங்க. நீங்க ஊட்டுல இருக்கறப்ப வர்றேன், நீங்க வெளிய கெளம்பறப்ப நானும் கெளம்பறேன்.”

தாளை மாற்றி ‘போய் வருகிறேன்’ என்று எழுதி ஒட்டினேன். பார்த்தார், கையெழுத்தைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. மகன் எண்ணை மாற்றச் சொன்னான். முடியாது என்றேன். அது அவருக்குத் தெரிந்த எண்ணாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

போன வாரம் காலையில் அலாரத்தை அணைக்காமல் பால் பாக்கெட்டுக்காக வாசல் கதவைத் திறந்துவிட்டேன். பெட்டி எண் கேட்டு பீப் பீப் என்றது. எனக்கு மறுபடி பென்ஷன் கணக்குத்தான் வந்தது. சைரன் அலறியது. அந்த அம்மா அப்போதுதான் படியேறி வந்தார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அந்த எண் அவருக்குத் தெரியும், எனக்கும் அது தெரியும். அவர் என்னைத் தாண்டி உள்ளே போய் அரிசியை எடுத்துக் களைய ஆரம்பித்தார்.

நிறுத்திக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மெல்போர்னில் மகன் போனைப் பார்த்து நிறுத்தும் வரைக்கும், காதைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றேன்.