பத்து விநாடி மௌனம்

சியோம்புவா, கிவாலுனி ஊரில் கைபேசி பழுதுபார்ப்பவள். ஊர்த் தேன் கூட்டுறவுக்குச் செயலாளரும் அவளே. வேலமரங்களில் மரக்கூடு தொங்கவிட்டுத் தேன் எடுக்கும் முந்நூறு குடும்பங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் விற்கின்றன. அந்தப் பெயரைத்தான் கடல் கடந்த தேன் கம்பெனி ஒன்று கேட்டது. கொடுத்துவிட்டால், இணைய முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் "கிவாலுனி" என்று வந்தால் அது கம்பெனியின் சொத்து. பிறகு ஊர்க்காரன் அதில் ஒரு முகவரி வைக்கவும் அவர்கள் தயவு வேண்டும்.

இப்படி இணையப் பெயர்களைப் பங்கிடும் சபையில் கூட்டுறவின் சார்பில் சியோம்புவாவும் உறுப்பினர். அங்கே ஓட்டுப் போடும் வழக்கம் கிடையாது. வாரக் கூட்டம் இணையத்திலேயே நடக்கும். தலைவர் ஹென்ரிக், "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டுப் பத்து விநாடி காத்திருப்பார். யாரும் பேசாவிட்டால் ஒருமனதான முடிவு. மௌனம் சம்மதம் என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கும் புண்ணியவான்கள்! ஒரே ஒருவர் எதிர்த்தாலும் விண்ணப்பம் மறுவிசாரணைக்குப் போகும்.

கம்பெனியின் விண்ணப்பம் வந்த அன்று சியோம்புவா தன் கடையிலிருந்தே தொண்டை கிழிய எதிர்த்தாள். தெருவில் போனவர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் தெருச் சத்தம் கேட்கக் கூடாதென்று முன்பே மைக்கை அணைத்தவள், திறக்க மறந்திருந்தாள். ஊருக்கெல்லாம் மைக் மாற்றிக் கொடுப்பவள்! "ஒருமனதாக" என்று குறிப்பில் ஏறிவிட்டது. வெட்கத்தில் இரண்டு நாள் கடையே திறக்கவில்லை.

அந்தக் குறிப்பை உறுதிசெய்ய நைரோபியில் நேரடிக் கூட்டம் கூடியது; அங்கேயும் ஒருவர் எதிர்த்தால் போதும். வாசலிலேயே அவளை நிசியோகி மடக்கினான். அவளூர்க்காரன், இப்போது அரசுப் பிரதிநிதி.

"அக்கா, நமக்குப் பத்து முகவரி சும்மா தர்றாங்களாம். பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டரும் உண்டு. கிடைச்சத வாங்கிட்டுப் போவோம்."

"வீட்டை எழுதிக் குடுத்துட்டு மாட்டுக் கொட்டாயில இடம் கேக்கச் சொல்றியா?"

"பெரிய எடத்தோட மோத முடியுமாக்கா? போன தடவ நீ கத்துனது உனக்கு மட்டும்தான் கேட்டுச்சு."

"மைக்க மறந்தேன், ஒத்துக்கறேன். அதுக்காக ஊரையும் மறக்கணுமாடா? உங்கம்மா தேனும் அந்தப் பேர்லதான் விக்குது. பேரைக் குடுத்துட்டுப் பத்து முகவரி வாங்கியாந்தேன்னு போய் அவகிட்ட சொல்லு பாப்போம்."

நிசியோகி நழுவினான்.

பேச்சுக்கு இரண்டு நிமிடம். வேலமரம், தேன்கூடு, முந்நூறு குடும்பம் என்று அவள் சொல்லிக்கொண்டு வரும்போதே சிவப்பு விளக்கு எரிந்து மைக் செத்தது. இந்த முறை அணைத்தது அவளல்ல.

"நேரம் முடிஞ்சிருச்சும்மா, உக்காருங்க," என்றார் ஹென்ரிக். பிறகு சபையைப் பார்த்து, "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டுவிட்டுக் கடிகாரத்தைக் குனிந்து பார்த்தார்.

"உண்டு!"

சந்தையில் நாலு வரிசை தாண்டிக் கூப்பிடும் குரல் அது. ஹென்ரிக் நிமிரவில்லை. மைக்கில் வராதது பேச்சே இல்லை என்பது அவர் கணக்கு.

மேடையோரம் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவையில் பேசுவதையெல்லாம் கேட்கக் கேட்கத் தட்டச்சு செய்து திரையில் ஏற்றுபவள். காதில் விழுந்ததை எழுதுவது அவள் வேலை. மைக்கில் வந்ததை மட்டும் எழுது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. "உண்டு" என்று திரையில் விழுந்தது.

"என் ஊர்ப் பேரைக் குடுக்க மாட்டேன். சமரசமும் வேணாம்."

அதுவும் விழுந்தது. ஆள் உயர எழுத்தில் மொத்தச் சபையும் வாசித்தது. ஹென்ரிக் கடைசியாகத் திரும்பி வாசித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கையிலிருந்த குறிப்பில் "ஒருமனதாக" என்பதைத் தேடிக் குறுக்கே கோடு இழுத்தார்.

அவர் அடித்து முடிக்கும்வரை சியோம்புவா உட்காரவில்லை.