சதுர எழுத்துக்கு ஒரு இடம்

தீவுப் பக்கத்து ஆள் எண்டதும் புயல், கரையொதுங்கின திமிங்கிலம் எண்டு ஏதோ சொல்லப்போறன் எண்டு காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறீங்கள். மன்னிக்கோணும். வேலணையிலை பனர் அடிக்கிறவனிட்டை எழுத்துக் கதைதான் இருக்கு. இந்தத் தொழிலிலை வேலை செய்யிறது ஒராள், பிழை பிடிக்கிறது ஊர் முழுக்க. டிசைன் செய்து வாடிக்கையாளரிட்டை மாட்டுப்பட்ட உங்களுக்கு விளங்கும்.

போன வருசம் நானே ஒரு தமிழ் எழுத்துரு, அதுதான் ஃபொண்ட், செய்தனான். பழைய பட்டன் போனிலை வந்ததைப் போலை, வளைவே இல்லாமல், சின்னச் சின்னச் சதுரங்களை அடுக்கினது. ‘ஞ’வோட மட்டும் கிழமைக்கணக்கிலை மல்லுக்கட்டினனான். என்ர மனிசி ஒரே சொல்லாய்ச் சொல்லிப்போட்டா: மாரி மழை தொடங்க முன்னம் ஒருத்தராவது எடுக்காட்டி, கொம்பியூட்டரிலை இருந்து அழிக்கிறதெண்டு.

கலியாணக் காட்

முதல்லை மாட்டினது நயினாதீவுக் கலியாணப் பொம்பிளையின்ர தாய். மகளின்ர கலியாணக் காட்டைச் சதுர எழுத்திலை அடிச்சுக் காட்டினன். கண்ணாடியைப் போட்டா, கழட்டினா, காட்டைத் தூரப் பிடிச்சா. கடைசியிலை, ஆஸ்பத்திரியிலை நோயாளியோட கதைக்கிற மாதிரி மெதுவாய்ச் சொன்னா:

“வடிவுதான் தம்பி. தலையணை உறையிலை தைக்கலாம். காட்டுக்கு வேறை எழுத்துப் போடும்.”

கண்ணீர் அஞ்சலி

தகப்பனுக்குக் கண்ணீர் அஞ்சலி பனர் கட்டச் சொல்லி ஒருத்தர் கனடாவிலை இருந்து கேட்டவர். இளம் ஆள், இவருக்குப் பிடிக்கும் எண்டு அடிச்சு வட்ஸப்பிலை அனுப்பினன். உடனை எடுத்தார். அப்பான்ர படம் வந்திட்டுதாம், எழுத்து மட்டும் கட்டை கட்டையாய் நிக்குதாம், உங்கட தீவிலை சிக்னல் மோசமாக்கும், தான் பொறுக்கிறாராம். நல்ல மனிசன், உண்மையிலேயே பொறுத்தவர். அடுத்த நாள் திரும்ப எடுத்தார், நித்திரையில்லாத குரல்:

“அண்ணை, இஞ்சை விடிஞ்சிட்டுது. எழுத்து இன்னும் இறங்கேல்லை.”

போட் நேரம்

வானம் கறுக்கத் தொடங்கீட்டுது. மனிசி என்னைப் பாக்கிறா, நான் வானத்தைப் பாக்கிறன். அப்பதான் குறிகட்டுவான் இறங்குதுறையிலை ஒரு போட்காரர் பொட்டுப் பொட்டாய் லைட் எரியிற பலகை பூட்டினார். என்ர எழுத்து பிறந்ததே அதுக்குத்தான் எண்டு காலிலை விழாத குறையாய்க் கேட்டன். ஒரு நாள் ஓடட்டும், சனத்துக்குப் பிடிச்சால் போட்டின்ர பேரையும் இதிலையே எழுதுவம் எண்டார்.

நானும் போய் நிண்டனான். போட் நேரமெல்லாம் என்ர எழுத்திலை ஓடுது. பஸ்ஸாலை இறங்கின சனம் அப்பிடியே பலகைக்கு முன்னாலை நிண்டிட்டுது. ஒருத்தர் தலையைச் சரிக்கிறார், ஒரு அக்கா வாய்க்குள்ளை முணுமுணுக்கிறா, ஒருத்தரும் அசையேல்லை. என்ர சதுரத்துக்கு இவ்வளவு சனம். மனிசிக்கு அனுப்பப் படமும் எடுத்திட்டன். பக்கத்திலை கச்சான் கடலை விக்கிற அக்காவிட்டை, பாத்தியளோ எண்டு கேட்டன். அவ கச்சானைச் சுத்திக்கொண்டே சொன்னா:

“அவை ரசிக்கேல்லைத் தம்பி. எழுத்துக் கூட்டிக்கொண்டு நிக்கினம். அவையின்ர போட் அங்கை போகுது.”