செவலையின் முதுகு

என் அத்தைக்குக் கடையில் செருப்பு கிடைக்காது. பிறவியிலேயே இடது கால் இரண்டு விரற்கடை கட்டை. ஒரு ஜோடி வாங்கி, அதில் ஒன்றை மட்டும் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து, அடியில் தோல் அடுக்கு வைத்து உயர்த்திக்கொள்வாள். அப்படியும் விந்தி விந்தித்தான் நடப்பாள். தேடிப் பிடித்து இவளுக்குத்தான் அரசாங்கம் சித்தேரி மலை ஊர்களில் பிரசவம் பார்க்கும் வேலையைக் கொடுத்திருந்தது. அறுபதுகளின் கடைசி அது. மலைக்கு ரோடு கிடையாது. ஒற்றையடிப் பாதையில் ஏறிப் போய்ச் சேர அரை நாள் ஆகும்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாமல் பாப்பிரெட்டிப்பட்டியில் எங்களோடு இருந்தாள். இரண்டு வருஷம் நடந்தே மலையேறிப் பார்த்துவிட்டு, இடுப்பு வலி தாங்காமல் ஒரு குதிரை வாங்கினாள். அந்தியூர்ச் சந்தையிலிருந்து வந்த பெண்குதிரை. நிறத்தை வைத்துச் செவலை என்றோம். வெள்ளைப் புடவைக்கு உள்ளே அப்பாவின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு அத்தை அதன்மேல் ஏறிப் போனபோது ஊரே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்கு வந்தவர்கள்கூடச் சாமியாரை விட்டுவிட்டு அத்தையைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்குக் கவலையெல்லாம் தன்னுடைய நல்ல கால்சட்டைகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விடுமே என்பதுதான்.

செவலை சாது. ஆனால் அதன் முதுகு யாருக்கும் அடங்காத முதுகு. கழுத்து முடிகிற இடத்தில் எலும்பு மேடாகத் துருத்திக்கொண்டிருக்கும். இரண்டு பக்கமும் சதை வற்றி, நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். கூடவே வந்த சேணம் ஏற்றத்தில் வால் பக்கமாக வழுக்கியது. பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் இரவல் கொடுத்த சேணம் தோளை இறுக்கியது. அம்மா பழந்துணியில் தைத்துக் கொடுத்த மெத்தை பாதி வழியில் சுருண்டு அத்தையின் மடிக்கே வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் செவலையின் முதுகில் ஒரு புதுப் புண்.

"உனக்கும் எனக்கும் கடச்சரக்கு ஒத்துவராதுடி" என்று மஞ்சள் பற்றுப் போட்டபடி அத்தை அதனிடம் சொல்வாள்.

தருமபுரியில் ஜட்கா வண்டிக் குதிரைகளுக்கு வார் தைக்கும் பாய் ஒருவர் இருந்தார். அத்தை போய்க் கேட்டாள். அளவெடுத்துச் சேணம் செய்யலாம் என்றார். ஆனால் புண்பட்ட குதிரையை அவ்வளவு தூரம் நடத்திக்கொண்டு போக முடியுமா?

"குதிரை வேணாம் நர்ஸம்மா. அதோட முதுக மட்டும் கொண்டாங்க, போதும்" என்று விரல் அகல ஈயப்பட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பட்டையைத் தோளுக்குப் பின்னால் முதுகின் மேல் வைத்து, உடம்போடு உடம்பாக அழுத்தி, வளைவு கலையாமல் எடுத்துவர வேண்டும். அதைக் காகிதத்தில் வைத்துக் கோடு இழுத்தால் முதுகு வந்துவிடும்.

அப்பாவுக்குப் பொறுமை போயிருந்தது. "இதுவும் ஒத்துவரலீன்னா குதிரைய வித்துரலாங்க்கா" என்றார்.

"வித்துட்டு? என்னத் தூக்கிக்கிட்டு நீ மலை ஏறுவியா?" என்றாள் அத்தை. குதிரை இல்லாவிட்டால் கீழே எங்காவது மாற்றல் கேட்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. அவள் இடத்துக்கு அந்த மலைக்கு இன்னொருத்தி வரமாட்டாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

புண் ஆறியதும் அத்தை வளைவை எடுத்தாள். தருமபுரிக்குப் புறப்படுகிற நேரத்தில் மலையிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தான், அங்கே யாருக்கோ வலி எடுத்துவிட்டதென்று. அத்தை கம்பை ஊன்றிக்கொண்டு அவனோடு நடந்தே போனாள். போகுமுன் பட்டையை என் கையில் கொடுத்து, "முட்டைய மாதிரி புடிச்சுக்க கண்ணு. புதுச் சேணம் வந்ததும் உன்ன முன்னாடி ஒக்கார வெச்சு மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். எனக்கு ஒன்பது வயது. பொறுப்பு என்று ஒன்று என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

அப்பாவோடு பஸ் ஏறினேன். அவர் ஆண்கள் பக்கம் நின்றுகொண்டார். எனக்குப் பெண்கள் பக்கம் உட்கார இடம் கிடைத்தது. கடத்தூரில் சந்தைக் கூட்டம் அடைத்துக்கொண்டு ஏறியது. எங்கள் பக்கத்து பஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. கைக்குழந்தையோடு நிற்கிறவள், உட்கார்ந்திருப்பவர் மடியில் குழந்தையைப் போட்டுவிடுவாள். கேட்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. அப்படி என் மடியில் ஒரு கொழுத்த பையன் வந்து விழுந்தான். பட்டை அவனுக்கு அடியில் இருந்தது. எடுக்க நினைத்தேன். அதற்குள் அவன் என் ஜெபமாலையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தருமபுரி வரும்வரை அவனைக் குதிக்கவிட்டு விளையாடிக்கொண்டு போனேன்.

இறங்கும்போது பார்த்தால் பட்டை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அப்பா பார்ப்பதற்குள் நானே வளைத்தேன். தினமும் தடவுகிற முதுகுதானே, எனக்குத் தெரியாதா என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

பாய் கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ அகலமான முதுகா?" என்று புருவத்தை உயர்த்தினார்.

"எங்கக்கா எடுத்ததுங்க. தப்பா இருக்காது" என்றார் அப்பா. நான் கடையில் தொங்கிய வெண்கல மணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேணம் வந்தபோது வீடே தோல் வாசனை அடித்தது. பாய் சொல்லியனுப்பியபடி அத்தை செவலையின் முதுகில் கேழ்வரகு மாவைத் தூவி, சேணத்தை வைத்து அழுத்தி எடுத்தாள். சேணம் உட்கார்ந்த இடமெல்லாம் மாவு அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். எலும்பு மேட்டில் மட்டும் மாவு போயிருந்தது. இரண்டு பக்கமும் தூவியது தூவியபடியே இருந்தது. அத்தை வெகு நேரம் அதையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வழியில எங்கியாச்சும் வளைஞ்சுதா கண்ணு?"

"இல்லீங்க அத்தே."

அவ்வளவுதான். மறு கேள்வி கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை. "அப்ப இவதான் எளச்சுட்டா" என்று செவலையின் கழுத்தைத் தட்டினாள். அன்றிலிருந்து அதற்குத் தினமும் ஒரு படி கொள்ளு கூடுதலாகக் கிடைத்தது. செவலைக்கு வயிறு பெருத்ததே தவிர முதுகு பெருக்கவில்லை. கம்பளியை மடித்து வைத்து இரண்டு தடவை போய் வந்தாள். மூன்றாம் தடவை ஏற்றத்தில் செவலை வலி தாங்காமல் துள்ளி அவளைக் கீழே தள்ளியது. இரண்டு பேரும் நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்கள். சேணத்தைக் கழற்றியபோது எலும்பு மேட்டில் தோல் கிழிந்து சீழ் வடிந்தது.

பாயிடம் மறுபடி போகலாம் என்று அம்மா சொன்னாள். அத்தை வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "அவரு மேல என்ன தப்பு? குடுத்த அளவுக்குத் தெச்சாரு. மாசத்துக்கு ஒரு தரம் மாறுற முதுகுக்கு எத்தன சேணம் தெக்கிறது?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மறுபடி ஒருமுறை அளவெடுத்திருந்தால் போதும். அந்த மாதம் சாமியாரிடம் செய்த பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் வெல்லம் திருடியதைச் சொன்னேன், தம்பியைக் கிள்ளியதைச் சொன்னேன். பத்துக் கட்டளைகளில் ஈயப்பட்டையைப் பற்றி எதுவும் இல்லை என்பதால் அதைச் சொல்லவில்லை. சொன்னால் மலைக்குக் கூட்டிப் போகமாட்டாளே என்கிற பயம். மலைக்குப் போகக் குதிரையே இருக்கப்போவதில்லை என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

புண் ஆறியதும் செவலையை ஒரு ஜட்காக்காரருக்கு விற்றார்கள். "வண்டி இழுக்கட்டும். முதுகுல மட்டும் எதையும் ஏத்தாதீங்க" என்று அத்தை அவரிடம் மூன்று தடவை சொன்னாள். குணம் கெட்ட குதிரை என்று ஊர் பேசியது. அத்தை தொப்பூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு அங்கேயே தங்கினாள். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தாள். நான் அவளிடம் சொல்ல அவ்வளவு காலம் இருந்தது. சொல்லவில்லை. குதிரைப் பேச்சு வரும்போதெல்லாம், "அவ முதுகு சரியில்ல, பாவம்" என்பாள். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

செவலையை விற்ற அந்த வருஷம் ஐப்பசி மழையில் ஒருநாள் காலையில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். மலையிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். மூங்கிலில் புடவையைத் தூளியாகக் கட்டிப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைச் சுமந்து வந்திருந்தார்கள். உள்ளே இருந்து முனகல் கேட்டது. புடவையின் அடிப்பக்கம் கருத்து நனைந்திருந்தது. மழை என்று நினைத்தேன். முன்னால் நின்றவர் மூச்சு வாங்கக் கேட்டார்.

"நர்ஸம்மா குதிர மேல வருவாங்கன்னு ரெண்டு நாளாப் பாத்தோம். வரலீங்களே பாப்பா?"

"குதிரைய வித்துட்டோங்க" என்றேன்.

அவர் தூளிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். செவலையை அவருக்கு அவ்வளவு பிடிக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.