முன்சீட்டு

போடிமெட்டு ஏறும் ஜீப்பில் முன்சீட்டு கிடைப்பதென்றால் சும்மாவா? ஏலக்காட்டு வேலைக்குப் போகிற பதினைந்து பேரையும் அவர்களுடைய தூக்குச்சட்டிகளையும் பின்னால் திணித்துக்கொண்டுதான் அது கொண்டையூசி வளைவுகளில் ஏறும். மூன்றாவது வளைவிலேயே எனக்குக் குடலைப் புரட்டிவிடும். முன்னால் உட்கார்ந்தால் காற்று வரும், வாந்தி வராது. ஆனால் அந்த இடம் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு. கங்காணியே கேட்டாலும் டிரைவர் அண்ணன் கொடுக்கமாட்டார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் பெரியம்மா என்னையும் காட்டுக்குக் கூட்டிப் போவாள். அம்மாவுக்கு மூத்தவள், நாற்பத்தாறோ ஏழோ இருக்கும். பிள்ளை இல்லை. அதற்காக அவள் கும்பிடாத சாமியும் இல்லை. அந்த வருஷம் ஏலக்காட்டில் காயெடுப்பு தொடங்கிய சமயம், கையும் காலும் பழையபடி குச்சியாகவே இருக்க, வயிறு மட்டும் மேடு தட்டியது. ஒருநாள் அடுப்படியில் அவள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“நாலு மாசமா முழுகல. எனக்கென்னமோ தங்கிருச்சுன்னு தோணுது.”

அம்மா துள்ளிக் குதிக்கவில்லை. “திடீர் திடீர்னு வேத்து ஊத்துதுங்கிற, சும்மா சும்மா எரிஞ்சு விழுற. எதுக்கும் டாக்டரம்மாட்ட ஒரு எட்டு போய்க் காட்டிருவமேக்கா.”

“காட்டுவோம், காட்டுவோம். காயெடுப்பு முடியட்டும்.”

அந்தச் சனிக்கிழமை டிரைவர் அண்ணன் பெரியம்மாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, கேட்கக் கூச்சப்பட்டுத் தலையைச் சொறிந்தார். நான்தான் போட்டு உடைத்தேன்: “பெரியம்மா முழுகாம இருக்காங்க!” பாசமெல்லாம் ஒன்றுமில்லை, முன்சீட்டு ஆசைதான். பெரியம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். ஆனால் மறுக்கவில்லை.

“அட, சொல்ல வேணாமாக்கா? முன்னாடி வாங்க, வெரசா வாங்க!”

அன்றிலிருந்து எங்களுக்கு ராஜபோகம். பெரியம்மா முன்சீட்டில், நான் அவள் மடியில். பின்னால் இருக்கிற பெண்கள் மாங்காய்க் கீற்றை முன்னால் நீட்டுவார்கள். “பைய திருப்புங்கண்ணே, பிள்ளைத்தாய்ச்சி இருக்கால்ல!” என்று டிரைவரை அதட்டுவார்கள். வண்டி வளைவில் குலுங்கித் திரும்பும்போது பெரியம்மா என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்து, காதோடு கேட்பாள்.

“அசையுதா பாரு ஆத்தா.”

எனக்கு ஒரு எழவும் தெரியாது. ஜீப்பு அசைந்தது, சீட்டு அசைந்தது, நானும் அசைந்தேன். இல்லை என்று சொன்னால் எங்கே பின்னால் அனுப்பிவிடுவாளோ என்று பயம். “ஆமா பெரியம்மா, உதைக்குது” என்பேன். அப்போது அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் எவர் முகத்திலும் பார்த்ததில்லை.

காயெடுப்பு முடியும்வரை அம்மாவுக்குப் பொறுமை இல்லை. பெரியம்மாவைப் போடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். திரும்பி வந்து அப்பாவிடம், “தீட்டு நிக்கிற வயசாம். வயிறு இப்படித்தான் போடுமாம்” என்று முணுமுணுத்தாள். எனக்குப் புரிந்ததெல்லாம் பாப்பா இல்லை என்பது மட்டும்தான்.

அடுத்த சனிக்கிழமை பெரியம்மா நேராக ஜீப்பின் பின்பக்கம் போய் ஏறினாள்.

“அக்கா, இங்கிட்டு வாங்க!”

“இல்ல தம்பி. அங்க வேற யாரையாச்சும் ஏத்திக்க.”

சீட்டு போன ஆத்திரம் எனக்கு. அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்: “அப்ப ஒங்க வயித்துல இருக்கிறது என்ன?”

பெரியம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். “சதைதான் ஆத்தா. வெறும் சதை.”

மூன்றாவது வளைவில் அவள் சேலையிலேயே வாந்தி எடுத்தேன். முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாள். ‘உதைக்குதுன்னு ஏண்டி பொய் சொன்ன?’ என்று அன்றும் கேட்கவில்லை, சாகும்வரையும் கேட்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்துக்கொண்டேன், சண்டாளி.

இப்போது எனக்கு நாற்பத்தேழு. போன மாதம் தேனியில் டாக்டரம்மா நிதானமாக விளக்கினார்: ஹார்மோன் குறைந்ததும், இத்தனை வருஷம் இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுக்கு வந்துவிடுகிறதாம். தினமும் நடக்கச் சொன்னார். இரண்டு பிள்ளைகளைப் பெற்று ஆளாக்கியவள், எனக்கென்ன? சரி என்று எழுந்து வந்துவிட்டேன். போடிக்குத் திரும்புகிற பஸ்ஸில், ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டபோது கை தானாக வயிற்றுக்குப் போனது. பெரியம்மாவை நினைத்து, கூட்டத்தில் வெட்கமில்லாமல் அழுதேன். இன்னும் ஒரே ஒரு தடவை ‘அசையுதா’ என்று அவள் கேட்கமாட்டாளா என்று இருந்தது.

அடுப்படியில் எத்தனை நாள் அவளை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், காட்டில் மதியச் சோற்றுக்குப் பிறகு அவள் வயிற்றில் தலைவைத்துப் படுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் அசையுதா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஜீப்பு ஓடும்போது, எல்லாமே அசைகிறபோது மட்டும்தான் கேட்டாள். நான்தான் அவளை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.