ஆமிக்காரனுக்கு ஒரு குப்பி

பல்கலைக்கழகத் தாவரவியல் பிரிவின் அறிவித்தற் பலகையில், எப்போதோ நடந்து முடிந்த கூட்டங்களின் தாள்களுக்கு அடியில் அது கிடந்தது. வெளிநாட்டில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு ஓர் இடம். ஒரு செடியின் வேரும் மண்ணிலுள்ள பற்றீரியாவும் மூலக்கூற்று மட்டத்தில் ஒன்றையொன்று எப்படி அடையாளம் காண்கின்றன என்பது தலைப்பு. எங்களை அடையாளம் காண அப்போது ஆமிக்கு அட்டை தேவைப்பட்டது. விண்ணப்பித்தேன்.

பேராசிரியர் பதில் போட்டார். கச்சான், அதாவது நிலக்கடலை, வேரிலுள்ள சிறுகணுக்களில் இருபதைக் காயவைத்து அனுப்ப வேண்டும். உள்ளே இருக்கும் பற்றீரியா அங்கே உயிரோடு வளர்ந்தால் இடம் எனக்கு.

சித்தாண்டியில் ஒரு தோட்டக்காரர் செடிகளைப் பிடுங்கித் தந்தார். வெடிமருந்து செய்வார்கள் என்று யூரியா உரத்தைச் சென்றிகளில், ஆமியின் சோதனைச் சாவடிகளில், மறித்த காலம். இந்தப் பற்றீரியா காற்றிலிருந்தே பயிருக்கு உரம் எடுத்துக் கொடுக்கும் என்று அவருக்கு விளக்கினேன்.

"அப்ப இத ஏன் மகள் வெளிநாட்டுக்கு அனுப்புறீங்க? எங்கட வயல் வட்டைக்குள்ள விடுங்களன்."

நியாயமான கேள்வி. விண்ணப்பப் படிவத்தில் அதற்கு இடமில்லை.

மிளகைவிடச் சிறிய அந்தக் கணுக்களைக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக்கொண்டு நகரத் தபால் கந்தோருக்குப் புறப்பட்டேன். தன்னாமுனைக்குக் கிட்ட இருந்த சென்றியில் ஓர் இளம் ஆமிக்காரன் குப்பியைத் தூக்கிப் பார்த்தான். பற்றீரியா என்று சொல்ல வாய் வரவில்லை.

"மருந்து," என்றேன்.

"என்ன வருத்தம்?"

"வயிறு."

"சாப்பிடு."

மூன்றைச் சாப்பிட்டேன். மண் ருசி. நான் சாகமாட்டேன் என்று உறுதியானதும், "எனக்கும் வயிறு சரியில்ல," என்று பாதியைத் தன் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டான்.

மிஞ்சியதை அனுப்பினேன். ஒன்றும் வளரவில்லை, இன்னும் ஒரேயொரு தடவை அனுப்பிப் பாருங்கள் என்று கடிதம் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதியைக் கொட்டிக்கொண்ட அந்த ஆமிக்காரன் வயிறு வெடிக்கட்டும் என்று திட்டினேன். அடுத்த கிழமை சென்றியில் என்னைக் கண்டதும் அவன் சிரித்தான்.

"மிஸ், வயிறு நல்லம். இன்னும் இருக்கா?"

என் ஆய்வில் கிடைத்த முதல் நல்ல முடிவு அதுதான். கொண்டுவந்து தருவதாகச் சொன்னேன். சொன்னபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அடுத்த போகத்தில் இரண்டு குப்பிகள் நிரப்பினேன். பேராசிரியருக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. சென்றியில் வேறொருவன் நின்றான். முதலில் நின்றவர் எங்கே என்று கேட்டேன். அவன் நிலத்தைப் பார்த்தபடி, செத்துவிட்டான் என்றான். பிறகு, கையில் என்ன என்று கேட்டான். மருந்து என்றேன்.

"சாப்பிடு."

பழையவனுக்கென்று வைத்திருந்த குப்பியைத் திறந்தேன். அழுகை வந்தது. சென்றியில் அழுதால் ஏன் என்று விசாரிப்பார்கள். அதனால் ஒவ்வொன்றாக மென்றேன், குப்பி வெறுமையாகும்வரை. மற்றதைத் திறக்கும்படி அவன் சொல்லவில்லை. அதைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். அதில் இருந்த பற்றீரியா அங்கே வளர்ந்தது, எனக்கும் இடம் கிடைத்தது.