மெகாபோனில் என் குரல்

நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் என் ஐந்தாவது தொலைக்காட்சி நாடகத்தின் படப்பிடிப்பு. கொழுந்து எடுக்கும் காட்சிக்கு நடிகைகள் வேண்டாம், அங்கே வேலை செய்யும் பெண்களே போதும் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் அனுமதி வாங்கியிருந்தேன். பன்னிரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் மல்லிகா அக்கா.

ட்ரோனைக் கிளப்பும் நேரத்தில் அவர் என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்தப் பெரிய மரத்துல குளவிக்கூடு இருக்குங்க. இது இரைஞ்சுக்கிட்டுப் போனா கலைஞ்சிரும்."

நானும் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். குளவி கொட்டி ஆள் செத்ததைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் பனி இறங்குவதற்குள் ஷாட்டை எடுத்தாக வேண்டும். உயரத்தில்தான் போகும், ஒரே டேக்தான் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

ட்ரோன் மரத்தைத் தாண்டியதும் பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஸ்கிரிப்டில் ஓட்டம் கிடையாது. ஆனாலும் மானிட்டரில் பார்க்க நன்றாக இருந்தது. ஒரு பெண் மட்டும் நின்ற இடத்திலேயே முகத்தில் அடித்துக்கொண்டாள். பிறகு சுருண்டு விழுந்தாள். மல்லிகா அக்கா திரும்பி ஓடிவந்து, தன் இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியை அவிழ்த்து அவளை மூடினார். குளவி கலைந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஏழு பேரை லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எல்லோரும் பிழைத்தார்கள். அக்கா கண் திறக்க மட்டும் இரண்டு நாளானது. பெண்கள் ஓட ஆரம்பித்த உடனேயே "கட்" சொல்லிவிட்டதாகப் பொலிஸில் சொன்னேன். பொய் சொல்லவில்லை, எனக்கு அப்படித்தான் ஞாபகம்.

அடுத்த வாரம் எடிட்டிங் அறையில், கீழே வைத்திருந்த கேமராவின் ஒலியைக் கேட்டேன். ஒரே அலறல். அதற்கு மேலே மெகாபோனில் என் குரல்: "நல்லாருக்கு, நிறுத்தாதீங்க. அப்படியே இருங்க."

"கட்" எங்கேயும் இல்லை. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். எடிட்டர் எழுந்து வெளியே போனார்.

மறுநாளே போய் அக்காவிடம் சொன்னேன். அவர் முகத்தில் வீக்கம் இன்னும் வடியவில்லை.

"தெரியும் தம்பி. இருங்கன்னு நீங்க சொன்னதாலதான் அந்தப் புள்ள ஓடாம நின்னுச்சு."

அவர் கோபப்படவில்லை. என்னால்தான் அங்கே உட்கார முடியவில்லை. நேரே பொலிஸுக்குப் போய் வாக்குமூலத்தைத் திருத்தினேன். அந்தக் காட்சியை நாடகத்தில் சேர்க்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். என் படப்பிடிப்பில் இப்போது யார் வேண்டுமானாலும் "கட்" சொல்லலாம், தேத்தண்ணி கொண்டுவருபவர் உட்பட. முதல் நாள் யாரும் துணியமாட்டார்கள். யாராவது சொன்னால் உடனே நிறுத்துங்கள். ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.